துக்கம் கேட்க வந்த சாம்பியன்

மன்னார்குடியில் நான் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த காலம். கூலிக்கும் குத்தகைக்கும் ஊர் ஊராகச் சண்டை. அப்போதுதான் ஒரு டென்னிஸ்காரரை அவர் கிராமத்துக்கு ஏற்றிக்கொண்டு போனேன். வெளிநாடெல்லாம் போய் ஜெயித்துப் பேப்பரில் படம் வந்தவர்; பெரிய மிராசுதார் மகன். நெட்டையான ஆள். பேசும்போது வலது உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

"நெல்லடிக்கிற களத்துலதாங்க ஆடக் கத்துக்கிட்டேன். எங்க பண்ணையாள் ஒருத்தர்தான் எதிர்ல நிப்பாரு. பலகையால அடிப்பாரு பாருங்க, பந்து வாய்க்கால்ல போய் விழும்!"

சிரிப்பு பாதியில் நின்றது. அறுப்புத் தகராறில், இவர் அப்பா வெளியூரிலிருந்து இறக்கிய ஆட்கள் அடித்து அந்தப் பண்ணையாள் செத்துப்போயிருந்தார். அன்றைக்கு இவருக்கு வெளிநாட்டில் இறுதி ஆட்டம். மனசு உடைந்து தோற்றுவிடுவாரென்று வீட்டில் தந்தி கொடுக்கவில்லை. ஜெயித்துவிட்டார்.

செத்தவர் குடிசை வாசலில், அன்றைக்கு ஜெயித்த கோப்பையோடு நின்றார். "இது அவருக்குச் சேர வேண்டியதுங்க."

செத்தவர் மனைவி அதைத் தொடவில்லை. "உங்கப்பாகிட்டயே குடுத்துடுங்க, தம்பி. துக்கம் கேக்க வந்திருந்தா உள்ள வந்து உக்காருங்க" என்று பாயை விரித்தார்.

மிராசுதார் வீட்டுக்காரர்கள் யாரும் அந்தத் தெருக் குடிசைக்குள் நுழைந்ததேயில்லை. இவர் குனிந்தார், வாசல் நிலையைப் பிடித்தார், அப்படியே நின்றார். பிறகு திரும்பிவந்து காரில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"ஒரு எட்டு உள்ள போயிருக்கலாமே, சார்?"

"கால் வரலீங்க."

தடுத்தது வெட்கமா, பயமா, வளர்ந்த விதமா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கார் நகர்ந்தபோதும் அந்த அம்மா பாயைச் சுருட்டவில்லை.