எட்டாக ஆடிய எண்கள்

துபாய் வேலையை விட்டுவிட்டு வந்தபோது என் பெட்டியில் பழைய கால்குலேட்டர் சிப் ஒன்றும் வந்தது. சிவப்பு எண்கள் எரியும் அந்தக் காலத்து வகை. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில், படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் நேரம் போக, அதற்கு ஒரு சர்க்யூட் கட்டினேன். வேலைவெட்டி இல்லாதவன் செய்கிற வேலைதான்.

கொல்லையில் இரும்புக் கைபம்படியில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் அம்மா. அதற்குப் பல மாதம் முன்பிருந்தே, "பைப்பத் தொட்டா சுள்ளுன்னு இழுக்குதுப்பா" என்று போனில் சொல்வார். சர்க்கரைக்கு நரம்பு அப்படித்தான் இழுக்கும் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். குடும்பமே டாக்டர் பக்கம் நின்றது.

கால்குலேட்டரில் ஏழையும் ஐந்தையும் கூட்டினால் பன்னிரண்டு வரும். கொஞ்ச நேரத்தில் எண்கள் நடுங்கி எல்லாமே எட்டாகிவிடும். பவர் சப்ளையில் இரைச்சல். கெப்பாசிட்டரை மாற்றினேன், ரெகுலேட்டரை மாற்றினேன், எரிச்சலில் டிரான்ஸ்பார்மரையே மாற்றினேன். பேட்டரியில் போட்டால் சமர்த்தாக நின்றது. வீட்டுக் கரண்டில்தான் ஆட்டம், அதுவும் பிரிட்ஜ் ஓடும்போது.

கோளாறு என் சர்க்யூட்டில் இல்லை என்று மீட்டர் பெட்டியைத் திறந்தேன். கரண்ட் கம்பத்துக்குத் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் அறுந்து கிடந்தது. அதற்குப் பதிலாக ஒரு ஒயர் சுவரோரமாக இறங்கி மண்ணுக்குள் போய், கைபம்பின் குழாயில் கட்டியிருந்தது. புயலில் நியூட்ரல் போனால் எங்கள் பக்கம் செய்கிற வைத்தியம் இது. விளக்கு எரியும். பிரிட்ஜ் ஓடினால் குழாயிலும் கரண்ட் ஏறும். ஈரக்காலோடு அதைத் தொடுகிறவரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

ஒயரின் முடிச்சில் டேப்புக்குப் பதில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. அப்படிச் சுற்றுகிறவர் போன வருஷம் மௌத்தாகி அடக்கமான, என்னைப் பெற்ற அத்தா ஒருவர்தான்.

லைன்மேன் வந்து நியூட்ரலைச் சரிசெய்தார். பன்னிரண்டு அசையாமல் நின்றது. எனக்கு அந்தக் கால்குலேட்டரைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது. அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன்.

"பைப்புலதாம்மா கரண்ட் வந்திருக்கு. சுகர் இல்ல."

"யாரு கட்டுன ஒயராம்?"

"தெரியலம்மா. எவனாச்சும் எலெக்ட்ரீசியனா இருக்கும்."



"புயலுக்கு மறுநாளு, அத்தாவுக்கு டார்ச் புடிச்சது நான்தாம்ப்பா" என்றார் அம்மா.