அன்று எதை நக்கோ என்றார்கள்

யுனிவர்சிட்டியில் படித்தவர்கள் அந்தக் காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார்கள். கல் கட்டிடம், மழையில் நனைந்த ரோடு, லைப்ரரிப் படிக்கட்டு, டீக்கடை பெஞ்சு என்று சொல்லிக்கொண்டே போவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நானும் அங்கே இருந்தவள்தான். படிக்கப் போகவில்லை, பொங்கிப் போடப் போனேன். பெண்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் பெரிய அடுப்பு என் பொறுப்பில் இருந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் எனக்கு இப்போது அவசரம் ஒன்றுமில்லை.

எங்கள் வீடு ஹைதராபாத்தில், மல்காஜ்கிரியில். என் வீட்டுக்காரர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். ஜோலார்பேட்டைப் பக்கம் கல்யாணம் முடிந்த கையோடு என்னை இங்கே கூட்டி வந்துவிட்டார். பட்டறையில் அவர் கை மாட்டி நசுங்கியது. அதற்குப் பிறகு அவரை லேசான வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் நாலு வாய். நான் ஹாஸ்டல் வாசலில் போய் நின்றேன். யார் சிபாரிசும் இல்லை. வார்டனம்மா கொஞ்சம் பருப்பைக் கொடுத்து வைத்துக் காட்டு என்றார். வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கல் ஸே" என்றார். எனக்கு வந்ததே கோபம். மூன்று தண்ணீரில் அரித்த பருப்பில் கல் எங்கிருந்து வரும்? "எடுத்துக் காட்டுங்கம்மா" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே, நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொல்கிறார் என்று கையைக் காட்டி விளக்கினான். இந்தியில் கல் என்றால் நாளையாம்.

நக்கோவும் அப்படித்தான். முதல் வாரம், குழம்பு ஊற்றப் போன இடத்தில் ஒரு பெண் தட்டைக் கையால் மூடிக்கொண்டு "நக்கோ" என்றாள். என்னையா நக்கச் சொல்கிறாய் என்று கரண்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் பாஷை அது என்று பாத்திரம் தேய்க்கிற தெலுங்குக்காரி வந்து சொன்ன பிறகுதான் திரும்பப் போய் ஊற்றினேன். அதற்கப்புறம் ஹோனா என்றால் வேண்டும், ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு என்று எல்லாம் படிந்துவிட்டது. பிறகு பார்த்தால் நானே நக்கோ நக்கோ என்று வீட்டுக்காரரிடம் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

சமையலும் அப்படியே. நான் போகும்போது எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர்ச் சமையல். ஆந்திராப் பிள்ளைகளுக்குப் புளிச்சைக்கீரைத் துவையல் வேண்டும், காரத்தில் கண்ணில் தண்ணீர் வரவேண்டும். நகரத்து முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புளிப்புப் பருப்பு. கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். நோன்பு மாதத்தில் விடியும் முன்பே ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்து வந்து அவர்களுக்குச் சூடாகப் போட்டிருக்கிறேன். காய்ச்சலில் படுத்தவளுக்குக் கஞ்சியை மாடிக்கு நானே கொண்டுபோவேன். தட்டில் மிச்சம் வைத்தால் திட்டுவேன், அதையும் மறைக்க வேண்டியதில்லை. சோற்றைக் கொட்டுகிறவளை என்னால் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

"அம்மா, கைக்கு இத்தா குஸ்ஸா?" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள், ஏன் இவ்வளவு கோபம் என்று. கோபம் அதோடு போய்விடும்.

அவர்களில் ஒருத்தி தமிழ்ப் பெண். அப்பா மத்திய சர்க்கார் ஃபாக்டரியில் பெரிய ஆபீசர். எம்.ஏ. படிக்க வந்திருந்தாள். தமிழ் பேசுவாள், ஆனால் பாதியில் தெலுங்குக்கும் இங்கிலீஷுக்கும் தாவிவிடுவாள். மத்தியானம் வகுப்பு இல்லாவிட்டால் நேராக என் சமையல்கட்டுக்கு வந்து அரிசி டின் மேல் உட்கார்ந்துகொள்வாள். தேங்காய்ச் சில்லு ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு பேச ஆரம்பிப்பாள்.

"அக்கா, நீங்க மட்டும் இங்க இல்லேன்னா நான் எப்பவோ வீட்டுக்கு ஓடிப் போயிருப்பேன்."

"ஓடறவ தேங்காயத் தின்னுக்கினு உட்கார மாட்டா. எழுந்து அந்தப் புளியைக் கரை."

கரைப்பாள். கையை என் முந்தானையிலேயே துடைப்பாள். எனக்குப் பெண் பிள்ளை இல்லை, இரண்டும் பையன்கள். அதனால் விட்டுவிடுவேன்.

அந்த வருஷந்தான் கான்ட்ராக்டர் பேச்சு வந்தது. நகரத்தில் இரண்டு ஹாஸ்டல் எடுத்து நடத்துகிறவன். காலையில் பிரெட் ஆம்லெட், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, வாரத்துக்கு ஒருமுறை ஐஸ்கிரீம் என்று வார்டனம்மாவிடம் சொல்லியிருந்தான். வந்தால் அவன் ஆட்களோடு வருவான். நான் வெளியே போக வேண்டியதுதான். வார்டனம்மா தானாக முடிவு செய்யவில்லை. பிள்ளைகளையே கேட்டுச் செய்கிறேன் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு லேசானது. பிள்ளைகளைக் கேட்டால் அப்புறம் என்ன பயம்?

மெஸ் செக்ரட்டரி என்று ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். பழைய நகரத்துப் பெண், குரல் கணீரென்று இருக்கும். சனிக்கிழமை காலையில் தட்டை வைத்துவிட்டு என் தோளைத் தட்டினாள். "டரோ நக்கோ அம்மா. ஆஜ் கான்ட்ராக்டர் கா ஃபைஸலா கர் தேதே." பயப்படாதே, இன்றைக்குக் கான்ட்ராக்டர் விஷயத்தை முடித்துவிடுகிறோம் என்று அர்த்தம். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஹாலில் கூட்டம். நான் உள்ளே போகவில்லை. என்னைப் பற்றிய பேச்சில் நான் எதற்கு நிற்க வேண்டும்? சமையல்கட்டுக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு மோர் மிளகாயைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் தெலுங்குக்காரி அண்டாவைத் தேய்க்கிற சத்தம். செக்ரட்டரி என்னவோ கேட்டாள், காதில் விழவில்லை. பதில் மட்டும் விழுந்தது. மொத்த ஹாலும் மேஜையைத் தட்டிக்கொண்டு கத்தியது. நக்கோ, நக்கோ, நக்கோ.

அண்டாவை அப்படியே வைக்கச் சொல்லித் தெலுங்குக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டேன். கான்ட்ராக்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் பிள்ளைகள்.

மறுநாள் ஞாயிறு. வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த சேமியா, முந்திரி, ஏலக்காய் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்தேன். மெஸ் ஸ்டோரில் கை வைக்கவில்லை. போதாத சேமியாவும் பாலும் என் காசில் வாங்கினது. அத்தனை பேருக்கும் பாயசம் வைத்தேன். நானே ஒவ்வொரு மேஜையாகப் போய் ஊற்றினேன். ஒவ்வொருத்தியின் தலையிலும் கை வைத்து, நல்லா இருங்க, நல்லா இருங்க என்று சொல்லிக்கொண்டே போனேன்.

எப்போதும் இரைச்சலாக இருக்கிற ஹால் அன்றைக்கு அமைதியாக இருந்தது. கரண்டிச் சத்தம்தான் கேட்டது. நான் அதை மரியாதை என்று நினைத்தேன்.

செக்ரட்டரி தலையைத் தூக்காமல், "பஹுத் அச்சா ஹை, அம்மா" என்றாள், ரொம்ப நன்றாக இருக்கிறதாம். தமிழ்ப் பெண்ணுக்கு ஊற்றும்போது குனிந்து, "இன்னா கண்ணு, தொண்டை கிழியக் கத்தினயா எனக்காக?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு டம்ளரை நீட்டினாள். இரண்டாவது தடவையும் ஊற்றினேன்.

திங்கட்கிழமை வார்டனம்மா கூப்பிட்டார். அடுத்த மாதத்திலிருந்து கான்ட்ராக்டர் வருகிறார், நீ இந்த மாதம் முடிய இருந்துகொள் என்றார். நான் சிரித்தேன். பிள்ளைகள்தான் நக்கோ என்று சொல்லிவிட்டார்களே என்றேன். கெட்டவர் இல்லை அவர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "ஹவ். தும்ஹீச் கோ நக்கோ போலே." ஆமாம், உன்னைத்தான் வேண்டாம் என்றார்கள்.

செக்ரட்டரி கேட்ட கேள்வி வேறு. இப்போது இருக்கிற சமையலே ஹோனா, நக்கோ என்று கேட்டிருக்கிறாள்.

அன்று மத்தியானமும் அந்தத் தமிழ்ப் பெண் வந்தாள். அரிசி டின் மேல் உட்காரவில்லை, கதவோரமாக நின்றாள். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும் அக்கா."

"அப்புறம் ஏன் பாயசம் ஊத்தும்போது சொல்லல? என் பாஷை தெரிஞ்சவ நீ ஒருத்திதானே."

"நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

"சரி. நீயும் கத்தினயா?"

அவள் கதவில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டினாள். அப்புறம், "எல்லாரும் சொன்னாங்க அக்கா" என்றாள். பிறகு, "உங்க மேல ஒண்ணும் இல்ல அக்கா, டெய்லி அதே சாம்பார், ரசம். அதோட, நீங்க அம்மா மாதிரியே திட்டறீங்க. வீட்டை விட்டு வந்ததே அதுக்காகத்தான்னு சில பேர் சொல்றாங்க" என்றாள்.

சாம்பார் பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருக்கலாம். அதை நான் தப்பாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை. புளிச்சைக்கீரை பிடிக்கும் என்று சொன்னபோது கற்றுக்கொள்ளவில்லையா? பிரெட் ஆம்லெட் என்ன பெரிய வித்தையா? கான்ட்ராக்டரை வேண்டும் என்று சொன்னது கூட எனக்கு இன்றைக்கு வலிக்கவில்லை. வேண்டாம் என்று கத்திய அதே வாயால் என் பாயசத்தைச் சாப்பிட்டார்களே. அத்தனை பேரில் ஒருத்திக்காவது டம்ளரைத் தள்ளி வைக்கத் தோன்றியிருக்கலாம். கையையாவது பிடித்து நிறுத்தியிருக்கலாம். நான் ஆசீர்வாதம் செய்துகொண்டே போனேன், அவர்கள் தலையைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

மாதம் முடிய இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். ஒரு நாளும் உப்புக் குறையவில்லை, சோறு குழையவில்லை. திட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். தட்டில் மிச்சம் வைத்தார்கள், எடுத்துப் போய்க் கொட்டினேன். கான்ட்ராக்டரின் ஆள் காய் நறுக்குகிற வேலைக்கு இருந்துகொள் என்றான். நக்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு மல்லாபூரில் ஒரு ஃபாக்டரி கேன்டீனுக்குப் போனேன். அங்கே ஆம்பளைகள் தட்டை என் முன்னால் டங்கென்று வைத்து, இது என்ன சாம்பாரா தண்ணியா என்று கேட்பார்கள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. அங்கேயே வயசாகும்வரை இருந்தேன்.

போன வருஷம் குளிர் ஆரம்பிக்கிற சமயம், எங்கள் தெருவில் ஒரு கார் நுழைந்தது. இறங்கினவள் அந்தத் தமிழ்ப் பெண்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தலைக்குச் சாயம் போட்டிருந்தாள், உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. ஸ்வீட் பாக்கெட்டை மருமகளிடம் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒருநாள் கூடுகிறார்களாம். அமெரிக்காவிலிருந்துகூட வருகிறார்களாம். என்னைத் தேடிக் கண்டுபிடிக்க ரொம்ப அலைந்தாளாம்.

"நம்ம ஹாஸ்டல்னாலே எல்லாரும் உங்களைத்தான் சொல்றாங்க அக்கா. அந்தப் பாயசம் ஞாபகம் இருக்கா? நீங்க ஒவ்வொருத்தர் தலையிலயும் கை வச்சீங்களே. அது எந்தப் பண்டிகைக்கு அக்கா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை. நிஜமாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை.

"பண்டிகை ஒண்ணும் இல்ல" என்றேன்.

"நீங்க வரணும் அக்கா. எல்லாருக்கும் அதே பாயசம் ஒரு தடவை வச்சுக் கொடுக்கணும். உங்களுக்கு மேடையில சால்வை போர்த்தறோம்."

"எல்லாரையும் கேட்டுட்டியா? நான் ஹோனா, நக்கோன்னு?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அய்யோ அக்கா, இன்னும் ஹைதராபாதி பேசறீங்களே" என்று மருமகளிடம் திரும்பிச் சொன்னாள். டீ குடித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். காரில் ஏறும்போது கார் அனுப்புகிறேன் என்று கையை ஆட்டினாள்.

அவர்கள் கூடுகிற அன்றைக்குக் கார் வந்தது. மருமகள் புடவையை எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"போய்ட்டு வாங்க அத்தை. அவ்ளோ ஆசையாக் கூப்பிட்டாங்க. சால்வை வேற போர்த்தறாங்களாம்."

"எனக்குக் குளிரலன்னு டிரைவர்கிட்ட சொல்லி அனுப்பிடு" என்றேன்.