பக்கத்து சீட்டுக்காரர்

என் காரில் இரண்டே சீட்டுதான். இரண்டும் தரையை உரசுகிற மாதிரி இருக்கும். அதில் ஏறினேன் என்று யாரும் சொல்ல முடியாது. குனிந்து, மடங்கி, உள்ளே இறங்கித்தான் உட்கார வேண்டும். இன்ஷூரன்ஸ் ஆபீசில் எனக்குப் பதவி உயர்வு வந்த வருடம், வெளிநாட்டுக்குக் குடிபோகிற ஒருவரிடமிருந்து அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். மாட்டுங்காவில் இருக்கும் என் சொந்தக்காரர்கள், இந்த வயதில் இவளுக்கு ஏன் இந்த வேலை என்று என் கணவரிடம் கேட்டார்களாம். என்னிடம் கேட்கத் தைரியம் கிடையாது. அவர் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்: "எனக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்துல உக்காரத் தெரியும். அதை நன்னாவே பண்றேன்."

உண்மைதான். அவரைப்போல் பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது. மெதுவாகப் போ என்று சொல்ல மாட்டார், காலால் இல்லாத பிரேக்கை மிதிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் செம்பூரிலிருந்து கிளம்பி, கடல்பாலத்தைத் தாண்டி நெருள் கோயில்வரை போய் வருவோம். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. என் வாரத்தில் எனக்கே எனக்கென்று இருந்த நேரம் அதுதான்.

பிறகு அவருக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. முழங்கால் உயரத்துக்குக் குறைவாக இருக்கும் எதிலும் உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சோபாவுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினோம். காரைக் காம்பவுண்டு மூலையில் நிறுத்தி உறை போட்டேன். நீ மட்டும் ஓட்டிக்கொண்டு போயேன் என்று அவர் பலமுறை சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. பக்கத்து சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு நான் எங்கே போவது? ஒன்பது வருடம் அந்த வண்டி நகரவில்லை. இன்ஷூரன்ஸை மட்டும் வருடம் தவறாமல் கட்டினேன், தொழில் பழக்கம்.

போன மழைக்காலம் முடிந்ததும், ஓடாத வண்டிகளையெல்லாம் காம்பவுண்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று எங்கள் குடியிருப்பு சொசைட்டியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஐரோலியில் ஐ.டி. கம்பெனி ஒன்றில் இருக்கும் ஒரு தமிழ்ப் பையன், ஓடுகிற நிலையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இவர் உட்கார முடியாத வண்டி எனக்கு எதற்கு? கணவர் மறுப்பு சொல்லவில்லை. ஓடவைக்க எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்டார். மூன்று வாரம் என்றேன். தலையாட்டிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

மெக்கானிக் தாராவியில் பட்டறை வைத்திருக்கிறவர், திருநெல்வேலிப் பக்கம். நான் சாவியைப் போட்டுப் பார்க்கப் போனதும் பதறிப்போய்த் தடுத்தார். இத்தனை வருடம் படுத்துக் கிடந்த என்ஜினை எடுத்த எடுப்பில் சுற்றினால் உள்ளே சிராய்த்துவிடுமாம். பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறப்போட்டார். டாங்கியிலிருந்து வடித்த பெட்ரோல் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. பிரேக்குகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. டயர்கள் நின்ற பக்கம் தட்டையாகியிருந்தன.

காற்று வடிகட்டி இருக்கும் பெட்டியைத் திறந்தவர், உள்ளே கைவிட்டு ஒரு பிடி பொரியை அள்ளிக் காட்டினார். ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சீட்டில் ஒரு பொட்டலம் பொரிகடலையும் வைத்து உறையை மூடுவேன். எடுக்க மறந்துபோவேன். அதற்காகவே குடிவந்த எலிகள் பாதி ஒயரையும் கடித்து வைத்திருந்தன.

"வருசா வருசம் எலிக்குல்லா படைச்சிருக்கிய, யக்கா" என்றார்.

மிச்சமிருந்த பொரியை நானே அள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் ஒரு மதியம், கீழே மெக்கானிக்கோடு பேசிக்கொண்டிருந்தவள், போனை எடுக்க மேலே வந்தேன். படுக்கையறையில் என் கணவர், மகள் கல்யாணத்துக்கு வாங்கிய மணைப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் கால்களை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"என்ன பண்ணிண்டிருக்கேள்?" என்று கத்திவிட்டேன்.

டாக்டரிடம் கேட்டுவிட்டாராம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் சொன்னதையா இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று டாக்டர் சிரித்தாராம். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகச் சொன்னாராம். முதலில் ஸ்டூல், பிறகு ஐந்து மணை, இன்றைக்கு நாலு. கார் சீட் மூன்று மணை உயரம். நான் இல்லாதபோது கீழே போய் அளந்திருக்கிறார்.

"நீ விக்கறதுன்னா வித்துக்கோ" என்றார். "ஆனா என் முதுகாலதான் நீ ஓட்டறதை விட்டேன்னு இருக்க வேண்டாம். ஒன்பது வருஷமா பால்கனிக்குப் போனா அந்த உறைதான் கண்ணுல படறது."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஓட்டாமல் இருந்ததை அவர்மேல் உள்ள அன்பு என்றே நினைத்திருந்தேன். தினமும் அந்த உறையால் அவர்மேல் ஒரு குற்றத்தைச் சுமத்திக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அழுகை வந்தது, அழுதேன். ஆனால் ஐரோலிக்காரனை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அவரால் மூன்று மணைக்கு வர முடியுமா என்று எனக்குப் பயமாக இருந்தது. முடியாமல்போய், அதற்கப்புறமும் வண்டி கீழேயே நின்றால் அவர் தாங்கமாட்டார்.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புது பாட்டரி, புது பெட்ரோல் பம்ப், புது ஒயர், புது பிரேக், புது டயர். முதல் இரண்டு தடவை என்ஜின் இருமிவிட்டு நின்றது. மூன்றாவது தடவை வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. மெக்கானிக் காதைச் சாய்த்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு பானெட்டைச் சாத்தினார்.

கணவர் இஸ்திரி போட்ட சட்டையில் லிஃப்டிலிருந்து வந்தார். கதவைத் திறந்து, கூரையைப் பிடித்து, முதலில் இடுப்பை உள்ளே விட்டார். மெக்கானிக் நீட்டிய கையை வேண்டாம் என்றுவிட்டார். பாதியில் நின்றார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. சீட் மெல்ல அமுங்கியது. கால்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.

"ம், போலாம்" என்றார்.

பிரேக் புதிது என்பதால் செம்பூருக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று. திரும்பி வந்து நிறுத்தியதும் அவர் எழப் பார்த்தார். முடியவில்லை. இன்னொரு தடவை பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தில் அசடு வழிந்தது.

"உக்காரத்தான் பழகினேன். எழுந்துக்கப் பழகலை."

நான் சிரிக்க ஆரம்பித்தேன், அவரும் சிரித்தார், சிரித்தால் முதுகு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். அப்போதுதான் ஐரோலிப் பையன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் ஜன்னலருகே குனிந்தான். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டான்.

"மன்னிச்சுக்கோப்பா, இது விக்கறதுக்கில்லை" என்றேன். "இவர் உள்ள உக்காந்துட்டார்."