காலி மனையில் போட்ட கடை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் அபுதாபிப் பாலைவனத்தில் அல் ஐனுக்கு அப்பால், எழுபதுகளில் தண்ணீருக்குத் துளை போட வந்த ஜெர்மன்காரர்களின் கேம்ப்பில் கடை வைத்தவன் நான் ஒருவன்தான். பெரிய முதலாளிகளெல்லாம் கேட்டுப் பார்த்தார்கள். கிடைத்தது எனக்கு.

அவர்கள் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள். ஒரு தேவாலயம், ஒரு பீர்க்கடை, மாட்டுக் கொட்டகைகள், அவ்வளவுதான் அந்தப் பட்டிக்காடு. அங்கே யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடோ, அதே வரிசையில்தான் கேம்ப்பிலும் தகர அறைகளை நிறுத்தியிருந்தார்கள். சனிக்கிழமை ஆனால் அவரவர் வாசலைப் பெருக்குவார்கள். பாலைவனத்தில் மணலைப் பெருக்கியவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. வரிசை நடுவே ஓர் இடம் மட்டும் காலி. அதையும் முறைபோட்டுப் பெருக்கினார்கள்.

அந்த இடத்தை ஃபோர்மேனிடம் கேட்டேன். அரைகுறை இங்கிலீஷில் சொன்னார்: ஊரில் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்காரன் ஒரு மத்தியானம் வயல் பக்கம் நடந்து போனான். எல்லோரும் பார்த்தார்கள். எங்கே என்று கேட்பது அங்கே மரியாதை இல்லை. "கலாஸ், முடிந்தது. திரும்பி வரவில்லை."

கடை போடலாமாம். ஆனால் அங்கே குடியிருப்பவனை அந்த வீட்டுப் பெயரால்தான் கூப்பிடுவார்களாம். ஊர் வழக்கம். பெயர்தானே, வாடகையா கேட்கிறார் என்று சிரித்தேன்.

நம்மூரிலிருந்து புதிதாக வந்த தங்கச்சி மாப்பிள்ளையைக் கடையில் இருத்தினேன். படுக்கையும் அங்கேயே. சரக்கெடுக்க நான் பிக்கப்பில் அலைவேன்.

"மச்சான், இந்த வெள்ளைக்காரனுக வாயில என் பேரே வரமாட்டேங்குது."

"என்ன பேரச் சொன்னா என்ன மாப்ளே? சரக்கு போகுதா, அதச் சொல்லுங்க."

கொஞ்ச நாளில் அவரும் சனிக்கிழமை துடைப்பம் எடுத்தார். பிறகு ஒருநாள் கேட்டார்:

"மத்தியானமானா அறுத்த புல்லு வாசம் வருதே, ஒங்களுக்கு வரலையா?"

"புல்லா? இங்க ஒட்டகமே பட்டினி கெடக்கு. வெயில் ஏறிடுச்சா ஒங்களுக்கு?"

அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கோடையில் ஒரு மத்தியானம் சரக்கோடு வந்து இறங்கினேன். கடை திறந்து கிடக்கிறது. வாசலில் அவருடைய செருப்பு. தூரத்தில், கொதிக்கும் மணலில், வெறுங்காலோடு அவர் நடந்து போய்க்கொண்டிருக்கிறார். அவசரமே இல்லாத நடை. ஜெர்மன்காரர்கள் அவரவர் வாசலில் நின்று பார்க்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"மாப்ளே!" என்று கத்தினேன். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினேன். திரும்பவில்லை. ஓடினேன், கால் புதைந்தது. அவர் சின்னதாகிக்கொண்டே போனார். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த தங்கச்சியின் முகம் கண்ணில் வந்து நின்றது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

நின்றார். திரும்பினார். வயல் வேலை முடிந்து வருகிறவர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பாதமெல்லாம் கொப்புளம்.

"எங்க போனீங்க?"

"எங்கயும் போகலையே மச்சான்."

ஃபோர்மேன் தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி அழுதார். அன்றைக்கு ஊரில் நாங்களும் கூப்பிட்டிருக்கலாம் என்றார்.

அந்த வாரமே மாப்பிள்ளையை ஊருக்கு ஏற்றிவிட்டேன். கடையைக் கேம்ப்புக்கு வெளியே மாற்றி, முன்னைவிடப் பெரிதாக நடத்தினேன். அது வேறு கதை.

லீவில் போனபோது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தங்கச்சி கேட்டாள்: "காக்கா, அவுக வெளிய போறப்ப பின்னால கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறாக. காது மந்தமா?"

யாரும் இல்லாத நேரம் பார்த்து, அந்தப் பெயரை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.