அக்காவின் கத்தரிப்பூ ஸ்வெட்டர்

நனைந்த கம்பளிக்கு ஒரு வாசனை உண்டு. மழையில் நனைந்து வந்த செம்மறி ஆட்டை வீட்டுத் தாழ்வாரத்தில் கட்டினால் எழுமே, அந்த வாசனை. போன மார்கழியில் என் மகள் தன் ஸ்வெட்டரை வாளியில் ஊறப்போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அலசிப் போடலாமே என்று கையை விட்டேன். அவ்வளவுதான். புதுக்கோட்டையில் ஒரு வாடகை வீட்டுக் குளியலறையில் அறுபதைத் தொடப்போகிற ஒருத்தி குனிந்து நின்றாள். ஆவூரில் பதின்மூன்று வயதுக்காரி ஒருத்தி கொல்லைக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் நான்தான்.

அது ஐம்பதுகளின் கடைசி. ஆசிரியப் பயிற்சி முடித்த என் அக்கா, கீரமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விடுப்பில் போனவர்களுக்குப் பதிலாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அங்கேயே தங்கியிருந்து எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவாள். பங்குனியில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலை, தங்க வீடு, ஜூன் தொடக்கத்தில் வந்து சேரவேண்டும். கடைசி வரியில், குளிருக்குக் கம்பளி உடுப்பு கொண்டுவரவும் என்று இருந்தது. அந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை வாசித்தேன் என்று கணக்கில்லை. கொல்லையில் கோழிகளுக்கு வாசித்தேன். தேயிலைத் தோட்டம் என்று சொல்லும்போதே நாக்கு குளிர்ந்தது. மேகம் வீட்டுக்குள் வருமாம். பாலை மூடி வைக்காவிட்டால் மேகம் விழுந்துவிடுமோ என்று கேட்டு அடி வாங்கினேன்.

அண்ணன்தான் எங்களை வளர்த்தவர். அப்பா இல்லை. அம்மா ஒரு மார்கழி மாதத்தில் இழுப்பு வந்து, மூச்சு கிடைக்காமல், அண்ணன் மடியில்தான் போனாள். அதே இழுப்பு அக்காவுக்கும் உண்டு. பனிக்காலம் வந்தால் விடியற்காலையில் அவள் நெஞ்சு ஓலைப் பீப்பி மாதிரி சத்தம் போடும். வீட்டுக்கு வந்திருந்த அக்கா கடிதத்தை வாசித்துக் காட்டியபோது அண்ணன் கடலைக்கொட்டைகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். அள்ளிய கை நின்றது. "இங்க விழுற பனிக்கே இவளுக்கு இழுக்குது. அங்கிட்டுப் போயி என்ன ஆவா?" என்று மட்டும் கேட்டார். அக்கா வாதாடவில்லை. அவள் வாதாடும் பிறவி இல்லை. சாப்பிடாமல் இருக்கும் பிறவி. மூன்றாம் நாள் அண்ணனே இறங்கி வந்தார். நெஞ்சை மூடுகிற மாதிரி ஒரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்காமல் என் முன்னால் வந்து நிற்கட்டும், அப்புறம் பேசலாம் என்றார். இழுப்பு எட்டிப் பார்த்தால் வர இயலாது என்று கடிதம் போட்டுவிடுவதாகவும் சொன்னார்.

அக்கா கீரமங்கலம் திரும்பியதும் சட்டை பின்னுகிற பொறுப்பு மதினியின் தலையில் விழுந்தது. அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் அவள். யார் உடம்பிலும் நாடா வைத்து அளந்தவள் இல்லை. தைக்கக் கொடுப்பவர்கள் துணியோடு ஓர் அளவு ரவிக்கையையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை விரித்துப் போட்டு அப்படியே வெட்டுவாள். இம்மி பிசகாது. சிறு வயதில் போர்டிங்கில் படித்தபோது பிறந்த குழந்தைகளுக்குத் தொப்பியும் காலுறையும் பின்னக் கற்றிருந்தாள். குழந்தைக்குப் பின்னுவதைப் பெரிதாகப் பின்னினால் பெரியவளுக்கு ஆயிற்று, அவ்வளவுதானே என்றாள். திருச்சிக்குக் கடலை ஏற்றிப்போன வண்டிக்காரரிடம் சொல்லியனுப்பியதில் உல்லன் நூல் வந்தது. கடையில் இருந்தது ஒரே நிறம்தானாம். கத்தரிப்பூ நிறம். உடைந்த குடையின் கம்பிகளைக் கல்லில் தேய்த்து ஊசியாக்கிக்கொண்டாள். "அக்கா பெட்டியில அளவு ரவிக்கை ஒண்ணு இருக்கும், எடுத்தா" என்றாள் என்னிடம்.

பெட்டியில் ஏழெட்டு இருந்தன. இருப்பதிலேயே அழகானதை நான் எடுத்துக் கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்குத் தைத்த ரோஜா நிற ரவிக்கை. பூசைக்குப் போகும்போது மட்டும் அக்கா அதைப் போடுவாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவிழ்த்துவிட்டு அப்பாடா என்பாள். அந்த அப்பாடாவை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேட்டு என்ன?

சித்திரை வெயிலில் மதினி கம்பளி பின்னினாள். உள்ளங்கை வேர்த்து நூல் வழுக்கும். கையில் திருநீறு பூசுவதுபோல அரிசிமாவைப் பூசிக்கொள்வாள். பார்க்க வந்தவர்கள் சும்மா போவார்களா? எதிர்வீட்டுக்காரி, "நாம ஆட்டுக்கே ரோமத்தக் கத்தரிச்சு விடுற ஊரு. நீ மனுசிக்குப் போட்டு விடுறியாக்கும்" என்றாள். மதினி நிமிராமல், ஆட்டுக்கு வாத்தியார் வேலை கிடைத்தால் அதற்கும் பின்னுவேன் என்றாள். குடைக்கம்பி மெல்லியது, மதினியின் கை இறுக்கமானது. முழம் முழமாக வளர்ந்த அந்தப் பின்னல் தண்ணீர் ஊற்றினாலும் ஒழுகாது போலிருந்தது. எங்களுக்கு அது பெருமையாக இருந்தது. குளிர் நுழைய ஓட்டை இல்லையே!

பள்ளிக்கூடம் மூடி அக்கா வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா ரவிக்கைக்கும் சேலை முந்தானைக்கும் மேலே அந்த ஸ்வெட்டரைத் தலைவழியாக இழுத்தாள். நானும் மதினியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கீழே இறக்கினோம். அக்காவின் கைகள் உடம்பை விட்டு விலகி, திருவிழாவில் வரும் பொம்மையின் கைகள் மாதிரி நின்றன. முகம் சிவந்தது. வாயைத் திறந்தாள். நெஞ்சுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் மெல்ல, பிறகு வாசல்வரை கேட்கும்படி. அண்ணன் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போதும். கழட்டு. சட்டை போட்டும் இழுக்குதுன்னா அது மலைக்கு ஆகுற ஒடம்பு இல்ல" என்று சொல்லிவிட்டு, போஸ்டுகார்டு எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.

அக்கா அழவில்லை. கழற்றிய ஸ்வெட்டரைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். நான் அந்த ஸ்வெட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் அளவு ரவிக்கை கிடந்தது. இன்றுவரை எனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியாது. அதை எடுத்து ஸ்வெட்டரின் மேல் விரித்தேன். தோளுக்குத் தோள், கக்கத்துக்குக் கக்கம். நூல் பிசகவில்லை. உடம்போடு ஒட்டி நிற்கவேண்டிய துணியின் அளவை, இரண்டு துணிக்கு மேலே போடும் உடுப்புக்கு வைத்திருக்கிறோம்! அதுவும் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு போடுகிற ரவிக்கையின் அளவை. இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடி, "மதினி, இழுத்தது நெஞ்சு இல்ல. நாந்தான். நான் எடுத்துக் குடுத்த ரவிக்கை" என்று உளறினேன்.

மதினி ஒரு பார்வைதான் பார்த்தாள். பத்துப் பதினைந்து வருடம் தைத்த கை தன் தலையிலேயே ஒன்று போட்டுக்கொண்டது. பிறகு நேரே அண்ணனிடம் போனாள். அவர் கார்டில் முதல் வரியை எழுதிவிட்டிருந்தார்.

"ஏங்க, ஒங்க சட்டையக் கழட்டிக் குடுங்க."

"எதுக்கு?"

"ஒங்க தங்கச்சி மூச்சு விட."

அண்ணன் மதினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த இரண்டையும் பார்த்தார். அவர் சட்டை காற்றோட்டமான சட்டை. அவருக்கே தொளதொளவென்று இருக்கும். கழற்றிக் கொடுத்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எழுதிய கார்டைக் கிழிக்காமல், எழுதியும் முடிக்காமல், பைபிளுக்குள் செருகி வைத்தார். இன்னும் ஒரு வாரம் என்றார்.

அந்த ஒரு வாரத்தைப்போல ஒரு வாரம் எனக்கு வாய்க்கவில்லை. பின்னியதெல்லாம் பிரிந்தது. நுனியைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று வரிசை வரிசையாகக் கழன்று ஓடி வரும். நான் நூலோடு தெருக்கோடிவரை ஓடினேன். பிரிந்த நூல் சுருள் சுருளாக நின்றதால் நனைத்து, கொடியில் போட்டு, கீழே கல் கட்டித் தொங்கவிட்டோம். அப்போது எழுந்ததுதான் அந்த வாசனை. எதிர்வீட்டு ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து கொடிக்கு அடியில் நின்று கத்தியது. அதன் தாயைத்தான் காயப்போட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ. அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். குடைக்கம்பி தூரப் போனது. கூடை முடைகிறவரிடம் சொல்லி விரல் பருமனில் மூங்கில் குச்சி சீவி வாங்கினோம். ஊசி பருத்ததும் பின்னல் தளர்ந்தது; அதே நூல் இரண்டு பங்கு விரிந்தது. முன்பக்கத்தை மதினியும் பின்பக்கத்தை அக்காவும் பின்னினார்கள். அக்கா இறுக்கினால் மதினி அதட்டுவாள்: "விட்டுப் புடி புள்ள, விட்டுப் புடி. இது ரவிக்கை இல்ல." அண்ணனின் சட்டை நடுவில் விரிந்து கிடந்தது, இரண்டு கைகளையும் பரப்பிக்கொண்டு. கடைசியில் கைக்கு நூல் போதவில்லை. முழங்கைக்கு நாலு விரல் கீழே நின்றுவிட்டது. கரும்பலகையில் எழுதுகிற கைக்கு அது போதும், சுண்ணாம்புத் தூள் படாது என்றாள் அக்கா.

மறு ஞாயிறு. வெயில் கூரை ஓட்டைப் பிளந்தது. அக்கா ஸ்வெட்டரைப் போட்டாள். யாரும் இழுக்கவில்லை, அது தானே இறங்கியது. தோள் சரிந்து, இடுப்புக்குக் கீழே தொளதொளவென்று நின்றது. முந்தானை உள்ளே தாராளமாகப் புழங்கியது. உள்ளே இன்னொருத்தி குடியிருக்கலாம். எதிர்வீட்டுக்காரி வாயில் துணியை வைத்துக்கொண்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. "வகுப்புல எப்படி நடத்துவியோ அப்படி நடத்து. பதினாறாம் வாய்ப்பாடு" என்றார்.

அக்கா ஆரம்பித்தாள். ஓர் பதினாறு பதினாறு. குரல் சுவரில் மோதித் திரும்பியது. ஈர் பதினாறுக்கு வேர்வை நெற்றியில் இறங்கியது. ஐந்தாம் வரியில் ஜன்னலுக்கு வெளியே தெருப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். நான் மூச்சு விடவில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் அடக்கிக்கொண்டிருந்தேன் போலும். பத்து, பன்னிரண்டு, பதினான்கு. அவள் கையை ஓங்கி ஓங்கித் தாளம் போட்டாள், ஸ்வெட்டர் அவளோடு எழுந்து எழுந்து அமர்ந்தது. பதினாறு பதினாறு இருநூற்றைம்பத்தாறு என்று தெருவே முடித்தது.

"வேர்க்குதா?" என்றார் அண்ணன்.

"வேர்க்குதுண்ணே."

"மூச்சு?"

"இருக்கு."

அண்ணன் கொல்லைக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். அந்தக் கார்டை மதினி அடுப்பில் போட்டதை நான் பார்த்தேன்.

இப்போது கடைகளில் தொளதொள ஸ்வெட்டர்கள் வரிசையாகத் தொங்குகின்றன. லூசாக இருப்பதுதான் ஃபேஷன் என்கிறாள் மகள். நான் மறுத்துப் பேசுவதில்லை. அக்கா அந்த மலையிலேயே ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தினாள். மழையிலும் வெயிலிலும், சமைக்கும்போதும் பள்ளிக்கூடத்திலும் அந்தக் கத்தரிப்பூ ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டிருந்தாளாம். பனி கொட்டும் மாதங்களில் இழுப்பு வராமல் இல்லை. வந்தால் உட்கார்ந்து, அது விட்டதும் எழுந்து, மீண்டும் பாடம் எடுத்திருக்கிறாள். துணிக்கும் உடம்புக்கும் நடுவே கொஞ்சம் காற்று வேண்டும் என்பதை நாங்கள் ஒரு வாரத்தில் ஓடி ஓடிக் கற்றோம். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவேகூட அது வேண்டும் என்று அண்ணனுக்கு அந்த வாரம் தெரிந்ததா, எனக்குத் தெரியாது. அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் அல்ல.

அவள் கிளம்பிய காலையில் திருச்சி பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பெட்டியை அண்ணனே மேலே ஏற்றினார். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைக்க அக்கா சம்மதிக்கவில்லை. மடித்துக் கைக்குழந்தையைப்போல வைத்திருந்தாள். மதினி அழுதுகொண்டே சிரித்தாள். நான் பஸ்ஸை ஒரு முறை சுற்றி ஓடிவந்தேன், சும்மா நிற்க முடியாமல். கண்டக்டர் விசில் ஊதினார். அக்கா, "போய்ட்டு வாரேண்ணே" என்றாள். அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸோடு நாலு எட்டு நடந்தார்.

"குளுருதுன்னு திரும்பி வந்துராத. எழுதிப் போடு, இன்னொண்ணு பின்னி அனுப்புறோம்."