நீல டிரம்மோடு மூன்று நாள்

புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மும்பையை அடுத்த கல்யாண் நிலையத்தில் இறங்கினேன். சென்னையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம். ஒன்பது மணிக்குள் தாராவியில் இருக்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்குப் போயாக வேண்டும். தாராவித் தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றிய இந்திப் படத்துக்குத் தமிழ் தெரிந்த உதவி இயக்குநர் ஒருவர் தேவை, படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்கே நேரில் போகலாம் என்று ஒரு சீனியர் சொல்லியிருந்தார். நான் சென்னையில் சினிமா படிக்கிறேன், கடைசி வருடம். வகுப்பில் பன்னிரண்டு பேர். சினிமாவுக்குள் எந்த வழியாகப் போவது என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் வழி கிடைத்துவிட்ட மிதப்பில் ரயிலில் சரியாகத் தூங்கவில்லை.

காலை 6.10. கல்யாணிலிருந்து மாட்டுங்கா நாற்பத்து நான்கு கிலோமீட்டர், லோக்கல் ரயில் டிக்கெட் பதினைந்து ரூபாய். முதலில் வந்த ரயிலில் ஏறினேன். டிபன் பையை நெஞ்சோடு அணைத்திருந்த ஓர் ஆபீஸ்காரர், என் கையில் இருந்த தமிழ் வாரப் பத்திரிகையைப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“எங்க எறங்கணும்?”

“மாட்டுங்கா, சார்.”

“இது ஃபாஸ்ட் ஆச்சே. மாட்டுங்கால நிக்காது. தாதர் போய் ரிட்டர்ன் ஸ்லோ பிடிங்கோ. இப்பவே டோர் பக்கம் நகருங்கோ, இல்லேன்னா தாதர்லயும் எறங்க முடியாது.”

தாதரில் நான் இறங்கவில்லை, இறக்கப்பட்டேன். எதிர்த்திசை ஸ்லோவைக் கண்டுபிடிக்க மூன்று பிளாட்பாரம் ஏறி இறங்கினேன்.

காலை 7.45. மாட்டுங்கா. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பூக்கடையும் தமிழ் எழுத்தும் கண்ணில் பட, போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு இட்லி, ஒரு காபி, தொண்ணூறு ரூபாய். லேபர் கேம்ப்புக்கு டாக்சியில் குறைந்தபட்சக் கட்டணம் முப்பத்தொரு ரூபாய் என்றார்கள். டாக்சிக்காரர் இந்தியில் ஏதோ கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்ன கேட்டார் என்று இன்றுவரை தெரியாது. நடந்தே போனேன், இருபத்தைந்து நிமிடம்.

காலை 8.40. லேபர் கேம்ப்பின் ஒரு சந்து முழுக்க விளக்கும் வயரும். சந்து முனையில் இரண்டு மேசைகள். ஒன்றில் ஒரு பெண் லேப்டாப் வைத்துக்கொண்டு இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். அது கணக்குப் பிரிவு என்று நினைத்தேன். இன்னொன்றில் நோட்டோடு ஓர் ஆள், யாரையோ “ஏலே, இங்க வா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்குநேரிக்காரனான என் காதில் தேன் பாய்ந்தது.

“படத்துக்கு ஆள் எடுக்காங்களாமே?” என்று கேட்டேன்.

“எடுக்காங்க. எந்த ஊரு ஒனக்கு? நாங்குநேரியா? நமக்கு வள்ளியூர் பக்கம். நான் அங்க போனது ரெண்டே தடவ. பேரச் சொல்லு.”

அவர் பெயர் செல்வின். பேரை எழுதினார். நேராக, இடப்பக்கம், வலப்பக்கம் என்று மூன்று படம் பிடித்தார். அடையாள அட்டைக்கு என்று நினைத்தேன். ஒரு கைலியும் சாயம் போன சட்டையும் கொடுத்து மாற்றச் சொன்னார். உதவி இயக்குநர் எந்த வேலைக்கும் தயாராக இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்ததால் மாற்றினேன். காலி நீல டிரம் ஒன்றைத் தோளில் வைத்து, சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொன்னார். இதுவும் ஒரு சோதனைதான் என்று நடந்தேன். பதினான்கு முறை நடந்தேன். ஒவ்வொரு முறையும் கேமரா எங்கே இருக்கிறது, கதாநாயகி எந்தச் சொல்லில் திரும்புகிறாள் என்று கவனித்து மனதில் குறித்துக்கொண்டேன்.

மதியம் 2.30. சாப்பாட்டுக்குப் பின் கேமராவை நெருக்கி வைத்தார்கள். கலைப் பிரிவுக்காரர் டிரம்மை என் இடது தோளில் ஏற்றினார்.

“காலையில வலது தோள்ல இருந்துச்சு,” என்று வலது தோளைத் தட்டிக் காட்டினேன்.

செல்வின் பல்லைக் கடித்தார். “ஏலே, நீ நடக்க வந்தியா, பாக்க வந்தியா?”

லேப்டாப் மேசைப் பெண் அதைக் கவனித்துவிட்டார். அவர்தான் முதல் உதவி இயக்குநர் ஷீத்தல். காலையில் எடுத்த காட்சியை ஓடவிட்டுப் பார்த்தார். வலது தோள்தான். யார் இந்தப் பையன் என்று செல்வினிடம் கேட்டார். உதவி இயக்குநர் வேலைக்கு வந்தேன் என்று நான் சொன்னபோதுதான் இருவருக்கும் விஷயம் தெரிந்தது. ஷீத்தல் நெற்றியில் கை வைத்து இந்தியில் ஏதோ சொன்னார். செல்வின் என் முகத்தைப் பார்க்காமல் தமிழாக்கினார்.

“அந்த மேசைக்கில்லா போயிருக்கணும்ங்காங்க. இது கூட்டத்துல நிக்கிறதுக்கு ஆள் எடுக்கிற மேசல்லா. பதினோரு மணிக்கே ஒரு பிள்ளைய எடுத்தாச்சாம். எடுக்கலைன்னாலும் ஒன்ன இனிமே அந்தப் பக்கம் விட முடியாதாம். மூஞ்சி ஃப்ரேம்ல விழுந்துட்டு. இன்னும் ரெண்டு நாளு இதே சட்ட, இதே டிரம். தோளக்கூட மாத்தக் கூடாதுன்னு நீதானல சொன்ன?”

அழுகை வந்தது, டிரம் மறைத்துக்கொண்டது. அன்று செல்வின் வீட்டில் படுத்தேன். அவர் மனைவி வைத்த மீன் குழம்பு அப்படியே எங்கள் ஊர்க் குழம்பு. அதைச் சாப்பிடும்போது ஊருக்கு ஓடிவிடலாமா என்றும் தோன்றியது, இங்கேயே இருந்துவிடலாமா என்றும் தோன்றியது.

வியாழன் காலை 7.00. இரண்டு ஷாட்டுக்கு நடுவில், வாக்கி டாக்கியோடு ஒரு பெண் என்னிடம் வந்தாள். பெயர் கீர்த்தனா, வீடு செம்பூர். என் வேலையை வாங்கியவள் இவள்தான். கையில் தமிழ் வசனத் தாள்.

“அண்ணா, ஒரு ஃபேவர். எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இதை வாசிச்சுக் காட்டறேளா?”

வாசித்தேன். அவள் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டாள். இரண்டு நாளும் இப்படியே. நடப்பது, வாசிப்பது, மறுபடி நடப்பது. அவள்மேல் கோபப்படத்தான் பார்த்தேன், முடியவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி ஷாட்டுக்கு முன்னால் கேட்டேவிட்டேன்.

“உங்களுக்கு இந்த வேலை எப்படிக் கிடைச்சது?”

“எனக்கே புரியலை அண்ணா. கூட்டத்துல நிக்கலாம்னுதான் வந்தேன். ஒரு தடவையாவது ஸ்கிரீன்ல மூஞ்சி வரணும்னு எங்கம்மாவுக்கு ஆசை. எங்க நிக்கணும்னு அந்த மேசைல போய்க் கேட்டேன். தமிழ் வருமான்னா. வரும்னேன். வாக்கி டாக்கியைக் கையில குடுத்துட்டா.” டிரம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள், “நீங்க லக்கி.”

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன். அதற்குள் ஷாட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

வெள்ளி மாலை. சென்னை ரயில் கல்யாணில் நின்றிருந்தபோது அம்மா அழைத்தார்.

“என்னய்யா, சேத்துக்கிட்டாங்களா?”

“இல்லம்மா. வேற மேசைக்குப் போயிட்டேன்.”

“தெரியாமப் போயிட்டியா?”

மூன்று நாளாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். கணக்குப் பிரிவு என்று நினைத்ததாக மேலே உங்களிடமும் எழுதியிருக்கிறேன். அது பொய். உதவி இயக்குநருக்கான மேசை அதுதான் என்று லேப்டாப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும்.

“தெரியும்மா. அங்க இந்தியில பேசுனாங்க. பயந்துட்டேன்.”

அம்மா, “சாப்பிட்டியாய்யா?” என்று கேட்டார். ரயில் நகர ஆரம்பித்திருந்தது.