ஆர்டிஸின் வளைந்த கம்பி

எங்கள் பள்ளத்தாக்கில் ஆர்டிஸ் ட்வைட் எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். கம்பிக்காரி என்றால் உடனே கை காட்டுவார்கள். என் அப்பாவும் அவள் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள். இருவருக்கும் மூத்தவர் ஹால்வர் பெரியப்பா. அந்தக் கம்பிக்குக் காரணமே அவர்தான்.

நாங்கள் பள்ளிக்கூடம் போகிற வயதில், ஓர் அக்டோபரில், பெரியப்பா மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ரைஃபிளைச் சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பலமுறை சுட்டு, பலமுறை வெடிமருந்து நிரப்பிய பழைய பித்தளைத் தோட்டாக் கூடுகள். அதில் ஒன்று உள்ளுக்குள் அடிப்பக்கத்தில் மெலிந்து போயிருந்தது. வெளியே பார்த்தால் பளபளவென்று இருந்ததாம். அது இரண்டாக அறுந்து, நெருப்பும் புகையும் பின்பக்கமாக வந்து அவர் முகத்தில் அடித்தது. வலது கண் போயிற்று. பிற்பாடு கண்ணாடிக் கண் வைத்துக்கொண்டார். சர்ச் விருந்தில் அதைக் கழற்றிக் காப்பிக் கோப்பையில் போட்டு அத்தைமார்களை அலற வைப்பார். எல்லோரும் சிரிப்போம். ஆர்டிஸ் மட்டும் சிரிக்க மாட்டாள். அன்று கொட்டகைக்குப் பின்னால் முதலில் ஓடிப்போய், தன் சட்டையைக் கழற்றி அவர் முகத்தில் அழுத்திப் பிடித்தவள் அவள்தான். அப்போது அவளுக்குப் பத்து வயது.

பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தாள். வேட்டைக்காலம் நெருங்கினால் ஊர்க்காரர்களின் காலிக் கூடுகளெல்லாம் டின் டின்னாக அவள் வீட்டு மேஜைக்கு வந்துவிடும். கழுவுவாள், அடியில் பதிந்திருக்கும் பழைய வெடிகேப்பைத் தட்டி எடுப்பாள், நீளம் கூடிப்போனதை வெட்டுவாள். தட்டில் தண்ணீர் ஊற்றிக் கூடுகளை வரிசையாக நிறுத்தி, பித்தளை இறுகிப் பிளக்காமல் இருக்கக் கழுத்துக்கு மட்டும் தீ காட்டி, நிறம் மாறியதும் தண்ணீரில் சாய்ப்பாள். பிறகுதான் கம்பி. நுனியை வளைத்துக் கூர் தீட்டிய ஒரு மெல்லிய கம்பி. கூட்டுக்குள் விட்டு உள்சுவரைக் கீழிருந்து மேலாகத் தடவுவாள். அடியில் எங்காவது பள்ளம் தட்டினால் அந்தக் கூடு நீல டின்னுக்குப் போகும், வாயைக் குறடால் நசுக்கிவிடுவாள். தேறியது சிவப்பு டின்னுக்கு. அதற்கு மட்டும் கடைசியாக வாயைக் கொஞ்சம் மலர்த்தி விடுவாள். வார்த்த ஈயக் குண்டு மிருதுவானது. வாய் மலராவிட்டால் கூட்டின் விளிம்பு குண்டைச் சீவிவிடும்.

அவள் தங்கை நோலாவைக் கட்டியவன் லைல். வண்டிச் சக்கரத்தில் மாட்டும் பழைய ஈய எடைக்கட்டிகளை உருக்கிக் குண்டு வார்ப்பதில் அவனுக்கு நிகரில்லை. மற்ற எல்லாவற்றிலும் அவசரம். கூட்டு வாய் மலர்த்துகிற அச்சு ஒன்று அவனிடமும் இருந்தது. முந்தின வருடம் அதை ஆற்றில் தவறவிட்டுவிட்டான்.

வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை மதியம், ஆர்டிஸ் லைலின் கூடுகளைப் பிரித்து முடித்திருந்தாள். நீல டின்னில் பத்தொன்பது. நசுக்குவதற்குக் குறடு எடுக்கும்போது என் மாடு வேலியைப் பிய்த்துக்கொண்டு அவள் முட்டைக்கோஸ் பாத்திக்குள் புகுந்துவிட்டது. நானும் அவளுமாக அதை விரட்டிப் பிடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அலுப்பில் அப்படியே போய்ப் படுத்துவிட்டாள்.

காலையில் கம்பியும் குறடும் கையுமாக, கக்கத்தில் சிவப்பு டின்னோடு என் வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"வண்டியை எடு. லைல் வந்துட்டுப் போயிருக்கான். தப்பான டின்னை எடுத்துட்டுப் போயிட்டான்."

"நேத்தா? நாம தோட்டத்துல இருந்தப்பவா?"

"சீட்டு எழுதி வெச்சிருக்கான். 'கூடு எடுத்துக்கிட்டேன், உருளைக்கிழங்கு ரொட்டியும் மூணு எடுத்துக்கிட்டேன்'னு."

எல்க் மான் வேட்டை தொடங்குகிற முதல் நாள் அது. லைல் ஓடைக்கு மேலே கூடாரம் போட்டிருப்பான். அங்கே தொலைபேசி எடுக்காது. மலைப்பாதையில் என் பழைய வண்டி முக்கி முக்கி ஏறியது.

"என் மாடு வராம இருந்திருந்தா நீ நசுக்கியிருப்ப" என்றேன்.

"மாட்டுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும்ல. ஒரு நிமிஷ வேலை."

"பத்தொன்பதும் மோசமா?"

"பதினொண்ணு சந்தேகம். எட்டு கண்டிப்பா அறுந்துடும். கம்பி அப்படியே மாட்டி நின்னுச்சு." பிறகு, "நோலா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்றாள்.

பாலத்தைத் தாண்டும்போது மேலே வெடிச்சத்தம் கேட்டது. ஒரே ஒரு சத்தம். ஆர்டிஸ் என்னைப் பார்க்கவில்லை. "ஓட்டு" என்றாள்.

கூடாரத்தில் ஆள் இல்லை. அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. ஆர்டிஸ் இறங்கி, "லைல்! அடேய் லைல்!" என்று கத்தினாள். பதில் இல்லை. மறுபடி கத்தினாள்.

புதருக்குள்ளிருந்து குரல் வந்தது. "கத்தாத, கம்பிக்காரி! இன்னொண்ணு கிளையில உக்காந்திருந்துச்சு, பறந்துடுச்சு பாரு!"

ஒரு கையில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி, மறு கையில் காட்டுக்கோழி. வந்தவனின் முகத்தை ஆர்டிஸ் இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"என்னாச்சு? நோலாவுக்கு ஏதாவதா?"

"நோலா நல்லாத்தான் இருக்கா. உனக்கு ரெண்டு கண்ணும் இருக்கான்னு பாக்கறேன்."

"கண்ணு இருக்கு, ரைஃபிளுக்குத் தோட்டாதான் இல்ல! என்ன வேலை செஞ்சு வெச்சிருக்க? ஒரு கூட்டுக்காவது வாயை மலர்த்தினியா? வந்து பாரு!" மரக்கட்டை மேல் அவன் குண்டுகள் கிடந்தன, ஈயம் சுருள் சுருளாகச் சீவிப்போய். "பதினாலு குண்டு பாழ். முதல் நாளும் அதுவுமா எல்க் எல்லாம் என்னைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போவுது. நான் கோழி சுட்டுக்கிட்டு இருக்கேன்!"

ஆர்டிஸ் அந்தக் கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை.

"மலர்த்தல" என்றாள். "நல்லவேளை, மலர்த்தல. அதெல்லாம் கழிச்சுப் போட்டது, லைல். நீ நீல டின்னை எடுத்துட்டு வந்துட்ட."

லைல் ஒரு கூட்டைக் கையில் எடுத்தான். "கம்பியைக் குடு." உள்ளே விட்டுத் தடவினான். கை நின்றது. திரும்பவும் தடவினான். பிறகு வலது கண்ணை ஒருமுறை தேய்த்துவிட்டுக்கொண்டான். ஹால்வர் பெரியப்பாவின் கோப்பையை அவனும்தான் பார்த்திருக்கிறான்.

ஆர்டிஸ் குறடு எடுத்து ஒவ்வொன்றாக நசுக்கினாள். கடைசியில் தலை நிமிர்ந்தாள். "பதினெட்டுதான் இருக்கு."

லைல் மேலே மரத்தைப் பார்த்தான்.

"லைல்."

"ஒண்ணு மட்டும் எப்படியோ அழுத்தி உள்ள தள்ளிட்டேன்." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். "கோணலாப் போயிடுச்சு. துப்பாக்கி உள்ள வாங்கவே மாட்டேன்னுடுச்சு."

"எத்தனை தடவை போட்டுப் பாத்த?"

"ரெண்டு." அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சரி, அஞ்சு."

அவள் குண்டை மெல்லப் பிடுங்கி, மருந்தை ஓடையில் கொட்டி, கேப்போடு இருந்த கூட்டை, இனி வெடிக்காமல் இருக்கட்டும் என்று, அவனுடைய எண்ணெய்ப் புட்டிக்குள் போட்டு மூடினாள். பிறகு வண்டியிலிருந்து சிவப்பு டின்னைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். லைல் ஒரு கூட்டின் வாயை விரலால் தடவிப் பார்த்து, புதுக் குண்டு ஒன்றை வைத்தான். சொன்னபடி கேட்டு உட்கார்ந்தது.

"கம்பிக்காரி," என்றான், தலையைத் தூக்காமலே. "அந்த ரொட்டி இன்னும் மிச்சம் இருக்கா?"

"கோழியை உரி முதல்ல" என்றாள் ஆர்டிஸ்.

காட்டுக்கோழியை வெண்ணெயில் வறுத்து மூவரும் சாப்பிட்டோம். இறங்கும்போது பாலம் வருவதற்குள்ளேயே அவள் தூங்கிவிட்டாள். வண்டி அத்தனை குலுக்கியும் விழிக்கவில்லை. அவளை வீட்டில் இறக்கிவிட்டு, சட்டைகூட மாற்றாமல் நேரே போய் வேலியைக் கட்டினேன்.